பணக்காரர் வரி, பணக்காரர் தர்மம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரிக் கணக்கு பார்ப்பது என் தொழில். பெரும் பணக்காரர்களுக்குக் கூடுதல் வரி போடலாம் என்று எங்கேயாவது வாயைத் திறந்தால் போதும், அதே கேள்விகள் வரிசையாக வந்து நிற்கும். தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கவில்லை, படிக்கும்போதே தெரிந்துவிடும்.

பணக்காரங்கதான் ஏற்கெனவே அதிகமா வரி கட்டுறாங்க. இன்னும் என்ன வேணும்?

தொகையைப் பார்த்தால் உண்மைதான். பெரும்பாலான நாடுகளில் வருமான வரி வசூலில் பெரும்பங்கு மேல்தட்டில் இருந்துதான் வருகிறது. ஆனால் அந்த மேல்தட்டில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய சம்பளம் வாங்கும் டாக்டர், வக்கீல், கம்பெனி மேலதிகாரி ஒரு வகை. பெரிய சொத்து வைத்திருப்பவர் இன்னொரு வகை. முதல் வகைக்காரரின் வரி, பணம் கைக்கு வரும் முன்பே பிடிக்கப்பட்டுவிடும். அவர் நிஜமாகவே நிறையத்தான் கட்டுகிறார், அவர்மேல் எனக்குப் புகார் இல்லை.

இந்தப் பக்கம் முழுக்க நான் பேசுவது இரண்டாம் வகையைப் பற்றி. அவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அவர்களுடைய வரி வேறு மாதிரி வேலை செய்கிறது.

சொத்து மதிப்பு ஏறினா அதுவும் வருமானம்தானே?

பொருளாதாரக் கணக்கில் ஆமாம். வரிச் சட்டத்தில், அநேகமாக எல்லா நாட்டிலும், விற்றால்தான் வருமானம். நூறு கோடிக்கு இருந்த பங்கு ஆயிரம் கோடி ஆகி, நீங்கள் அதைத் தொடாமல் வைத்திருந்தால் அந்தத் தொள்ளாயிரம் கோடிக்கு வரி கிடையாது. இதற்கு நியாயமான காரணமும் உண்டு. கையில் பணம் வராதபோது வரி கேட்டால் மனிதர் எதை விற்றுக் கட்டுவார்? அடுத்த வருஷம் விலை விழுந்தால் அரசு திருப்பித் தருமா? சிறிய முதலீட்டாளருக்கு இந்த விதி நல்ல பாதுகாப்பு. எதையும் விற்காமலேயே காலம் தள்ளக்கூடியவருக்கு இதுவே பெரிய வாசல்.

சம்பளமும் வாங்கல, பங்கும் விக்கலன்னா கப்பலும் மாளிகையும் எப்படி வாங்குறாங்க?

கடன். பங்கை அடமானம் வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன் எடுக்கிறார்கள். கடன் வருமானம் இல்லை என்பதால் அதற்கு வரி இல்லை. பங்கு விலை வட்டியைவிட வேகமாக ஏறிக்கொண்டிருக்கும் வரை, பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் எடுத்துக்கொண்டே போகலாம். அமெரிக்காவில் இதற்கு ஒரு கடைசிப் படியும் உண்டு. உரிமையாளர் இறந்தால், வாரிசுக்கு அந்தப் பங்கின் வாங்கிய விலை இறந்த நாளின் சந்தை விலையாக மாறிவிடும். மறுநாளே விற்றாலும், அதுவரை ஏறிய ஆதாயத்துக்கு யாரும் வருமான வரி கட்ட வேண்டியதில்லை. வரி ஆலோசகர்கள் இதைச் சுருக்கமாகச் சொல்வார்கள்: வாங்கு, கடன் எடு, இறந்துபோ.

2021இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் அமெரிக்க வருமான வரித் துறையின் கசிந்த ஆவணங்களை வைத்து ஒரு கணக்குப் போட்டது. 2014 முதல் 2018 வரை அந்நாட்டின் முதல் 25 பணக்காரர்களின் சொத்து 40,100 கோடி டாலர் ஏறியது. அதே காலத்தில் அவர்கள் கட்டிய மத்திய வருமான வரி 1,360 கோடி டாலர், அதாவது ஏற்றத்தில் 3.4 சதவீதம். இதில் சட்டவிரோதம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். 2021இல் ஈலான் மஸ்க், முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கத் தனக்கிருந்த உரிமைகளைப் பயன்படுத்தி, நிறையப் பங்குகளை விற்றபோது, 1,100 கோடி டாலருக்கு மேல் வரி கட்டப்போவதாக அவரே அறிவித்தார். ஆதாயம் கணக்கில் வந்துவிட்டால் வரி பிடிக்கத்தான் செய்கிறது. அது எப்போது வர வேண்டும் என்பதை அவரே முடிவு செய்கிறார், அதுதான் சிக்கல்.

வாரன் பஃபெட் தன் ஆபீஸ்ல வேலை செய்றவங்களைவிடக் குறைவா வரி கட்டினார்னு சொல்றது நிஜமா?

நிஜம், அமெரிக்காவின் பெரும் முதலீட்டாளரான அவரே எழுதியது. 2010ஆம் வருஷத்துக்குத் தான் கட்டிய வரி 69,38,744 டாலர் என்றும், அது தன் வரிக்குரிய வருமானத்தில் 17.4 சதவீதம் என்றும், தன் அலுவலகத்தில் மற்ற 20 பேருக்குச் சராசரி 36 சதவீதம் என்றும் 2011இல் எழுதினார். சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு வரியும் அந்தக் கணக்கில் சேரும். கம்பெனி கட்டிய வரியில் அவர் பங்கையும் சேர்த்தால் விகிதம் கூடும் என்று மறுத்தவர்கள் உண்டு. அது நியாயமான மறுப்புதான்.

எனக்கு அந்தச் சதவீதங்களைவிட வேறொன்று உறுத்துகிறது. அப்போது அவர் சொத்து சுமார் 5,000 கோடி டாலர். 69 லட்சத்தை அதோடு ஒப்பிட்டால், ஒரு லட்சத்துக்குப் பதினான்கு என்ற கணக்கு வருகிறது. அவருடைய நிறுவனம் லாபப் பங்கு கொடுப்பதில்லை. அதனால் சொத்து உள்ளேயே வளர்கிறது, வருமானமாக வெளியே வருவதில்லை.

அதே பஃபெட் சொத்தையெல்லாம் தானம் பண்றாரே! அவரைப் போய்க் குறை சொல்லலாமா?

குறை சொல்லவில்லை. 2006இல் தொடங்கி அவர் கொடுத்துக்கொண்டே இருக்கிறார். 2010இல் பில் கேட்ஸோடு சேர்ந்து, சொத்தில் பாதியாவது கொடுக்கிறோம் என்று மற்ற பெரும் பணக்காரர்களிடமும் உறுதிமொழி வாங்கினார். கேட்ஸ் தன் அறக்கட்டளை 2045க்குள் 20,000 கோடி டாலர் செலவழித்துவிட்டு மூடப்படும் என்று 2025இல் அறிவித்தார். சக் ஃபீனி அவர்களுக்கெல்லாம் முன்னோடி. விமான நிலையக் கடைகளில் சம்பாதித்த 800 கோடி டாலரை, பல வருஷம் பெயரே வெளியே தெரியாமல் கொடுத்து, 2020இல் அறக்கட்டளையின் கணக்கையே மூடிவிட்டார். கடைசிக் காலத்தில் வாடகை வீட்டில் இருந்தார். இதையெல்லாம் பார்த்து உதட்டைப் பிதுக்குபவர்கள்மேல் எனக்கு மரியாதை இல்லை.

ஆனால் தர்மம் வரிக்குப் பதிலா என்பது வேறு கேள்வி. அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி உலகெங்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டக் கொடுத்தார். 1892இல் பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலியைக் குறைக்கப் போய்ப் பெரும் மோதலாகி, இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. ஆலை அவருடையது. அவர் அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். 1898இல் அதே ஊருக்கு அழகான நூலகம் ஒன்று வந்தது. உள்ளே இசையரங்கு, நீச்சல் குளம்கூட உண்டு. ஆலையில் ஒரு நாள் வேலை 12 மணி நேரம். அந்தத் தொழிலாளியைக் கேட்டிருந்தால் நூலகம் கேட்டிருப்பாரா, கூலி கேட்டிருப்பாரா? கேட்கவில்லை. கொடுப்பவர் முடிவு செய்தார். தர்மத்தில் எப்போதும் அப்படித்தான், நல்லவர் கொடுத்தாலும் அப்படித்தான்.

நன்கொடைக்கு வரிவிலக்கு இருக்கே, அப்போ பணக்காரங்களுக்கு அது இலவசம்தானே?

இல்லை. இந்தத் தவறு வரியை ஆதரிக்கிறவர்கள் பக்கம் அதிகம். நூறு கொடுத்தால் நூறும் திரும்பி வராது. வருமானத்தில் இருந்து நூறு கழிக்கப்படும், அவ்வளவுதான். 40 சதவீதப் படியில் இருப்பவருக்கு வரியில் 40 குறையும், 60 அவர் கையில் இருந்து போகும். 10 சதவீதப் படியில் இருப்பவர் அதே நூறைக் கொடுத்தால் 90 போகும். ஆக, தர்மம் செய்வது பணக்காரருக்கு மலிவு, ஏழைக்கு விலை அதிகம்.

பணத்துக்குப் பதில் பங்காகக் கொடுத்தால் கணக்கு இன்னும் மாறும். பத்துக்கு வாங்கி நூறான பங்கை விற்றால், ஆதாயம் 90. அதற்கு 20 சதவீதம் என்று வைத்தால் வரி 18 போக, 82 நிற்கும். விற்காமல் பங்கையே அறக்கட்டளைக்குக் கொடுத்தால், அமெரிக்கா போன்ற நாடுகளில் அந்த 18 கிடையாது, முழு நூறுக்கும் கழிவு உண்டு. கழிவில் 40 மிச்சம். ஆக அவருக்கு உண்மையில் போனது 42. மீதி 58 பொதுக் கஜானாவில் இருந்து. பெயர்ப்பலகையில் மட்டும் நூறும் அவர் பெயரில். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று சொல்வார்களே, அதில் பாதி.

2019இல் பாரிஸின் நோத்ர தாம் தேவாலயம் எரிந்தபோது இது தெருச் சண்டையே ஆனது. ஆடம்பரப் பொருள் வியாபாரத்தில் பெரும் பணக்காரர்களான பினோ குடும்பம் 10 கோடி யூரோ, ஆர்னோ குழுமம் 20 கோடி யூரோ என்று உடனே அறிவித்தார்கள். பிரெஞ்சுச் சட்டப்படி நிறுவனங்களுக்கு நன்கொடையில் 60 சதவீதம் வரை, ஒரு வரம்புக்குள், வரியில் கழித்துக்கொள்ளலாம். அப்படியானால் தேவாலயத்தைக் கட்டுவது யார் என்று மக்கள் கேட்டார்கள். பினோ குடும்பம் கழிவு கோர மாட்டோம் என்று அறிவித்துவிட்டது.

அறக்கட்டளைன்னாலே வரி ஏய்க்கிற வேலைதானே?

எல்லாம் இல்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பணம் உள்ளே போன பிறகு எப்போது வெளியே வரும்? அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை வருஷம் சுமார் 5 சதவீதம் செலவழித்தாக வேண்டும், நிர்வாகச் செலவும் அதில் அடங்கும். முதலீடு அதைவிட வேகமாக வளர்ந்தால் அது என்றைக்கும் கரையாது. நன்கொடையாளர் ஆலோசனை நிதி என்று இன்னொரு ஏற்பாடு இருக்கிறது. அதில் போட்ட அன்றே வரிக்கழிவு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் பணம் உண்மையான தொண்டுக்குப் போய்ச் சேரக் கெடுவே இல்லை. ஃபீனி போல உயிரோடு இருக்கும்போதே கரைத்தவரையும், காலவரையின்றிப் பூட்டி வைப்பவரையும் வரிச் சட்டம் ஒரே மாதிரி பாராட்டுகிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

கட்டாயப்படுத்தி வாங்கினா அது தர்மமா?

இல்லை. ஆக வேண்டிய அவசியமும் இல்லை. வரியில் நடக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளை யாருக்கும் நன்றிக்கடன் பட்டதில்லை, அது அதன் உரிமை. தர்மத்தில் நடக்கும் பள்ளியில் வருஷா வருஷம் புரவலர் வருவார், பிள்ளைகள் வரிசையில் நின்று கை தட்ட வேண்டும். பாரி, காரி என்று நாம் புகழும் வள்ளல்கள் எல்லாம் சிற்றரசர்கள். ஊரிடம் வாங்கியதும் அவர்கள்தான், புலவருக்குக் கொடுத்ததும் அவர்கள்தான். இன்று அந்த இரண்டு கைகளும் பிரிந்திருக்கின்றன. கணக்குக் கேட்க வசதியாக இருக்கிறது.

அரசாங்கம் வீணடிக்கும். பணக்காரர் நேரா கொடுத்தா நல்லா செலவாகுமே?

அரசு வீணடிக்கிறது, மறுக்க மாட்டேன். தனியார் பணத்துக்கு ஒரு பலமும் உண்டு. தோற்றாலும் அடுத்த தேர்தல் பயம் இல்லாததால் துணிந்து சோதிக்கலாம். மஞ்சள் காய்ச்சலுக்கு இன்றும் போடும் தடுப்பூசி 1930களில் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் ஆய்வகத்தில் பிறந்தது. அதற்காக மாக்ஸ் டைலருக்கு 1951இல் நோபல் பரிசு கிடைத்தது. அரசுத் துறை ஒன்று அவ்வளவு பொறுமையாக அந்தச் செலவைச் செய்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அளவைப் பாருங்கள். தர்மத்துக்குப் பேர்போன அமெரிக்காவில் 2024இல் எல்லோரும் சேர்ந்து, சாதாரண மக்களும் நிறுவனங்களும் உட்பட, கொடுத்தது சுமார் 59,000 கோடி டாலர். அதே ஆண்டு மத்திய அரசின் செலவு மட்டும் 6.7 லட்சம் கோடி டாலருக்கு மேல். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த நன்கொடையிலும் மதநிறுவனங்களுக்குப் போனதுதான் மிகப் பெரிய பங்கு. முதியோர் ஓய்வூதியத்தை யாருடைய மனம் இளகுவதை நம்பியும் நடத்த முடியாது.

வரியை ஏத்தினா எல்லாரும் நாட்டை விட்டு ஓடிடுவாங்களே?

சிலர் போவார்கள். 2022இல் நார்வே செல்வ வரியை, அதாவது மொத்தச் சொத்து மதிப்பின்மேல் வருஷா வருஷம் போடும் வரியை, உயர்த்தியபோது, அந்நாட்டின் பெரும் பணக்காரர்களில் ஒருவரான செல் இங்கே ரோக்கே உட்படப் பலர் சுவிட்சர்லாந்துக்குக் குடிபோனார்கள். வேடிக்கை என்னவென்றால் சுவிட்சர்லாந்திலும் செல்வ வரி உண்டு. தனிநபரின் பங்கு ஆதாயத்துக்குத்தான் அங்கே பொதுவாக வரி கிடையாது. போகிறவர்கள் மொத்தக் கணக்கையும் கூட்டிப் பார்த்துத்தான் போகிறார்கள்.

மற்றபடி தொழில், உறவு, பிள்ளைகள் படிப்பு என்று பணக்காரர்களுக்கும் வேர் உண்டு. அமெரிக்க மாநிலங்களுக்கிடையே குடிபெயர்வை ஆராய்ந்தவர்கள், கோடீஸ்வரர்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இடம் மாறுகிறார்கள் என்று கண்டார்கள். மாசசூசெட்ஸ் மாநிலம் 2023 முதல் 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்துக்கு 4 சதவீதம் கூடுதல் வரி போட்டது. வசூல் எதிர்பார்த்ததைத் தாண்டியது. நாடு விட்டுப் போகும்போது அதுவரை ஏறிய ஆதாயத்துக்கு வரி வாங்கும் வெளியேற்ற வரி பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்கா தன் குடிமக்களிடம், உலகில் எங்கே இருந்தாலும், வரி கேட்கிறது. ஆக ஓடுவதும் ஓடாததும் பெரும்பாலும் சட்டம் எழுதும் விதத்தில் இருக்கிறது.

செல்வ வரி வெச்ச நாடுகளே அதைக் கைவிட்டுட்டாங்களே, அப்புறம் என்ன?

கைவிட்டார்கள், உண்மை. ஓஇசிடி என்ற பெரும்பாலும் வசதியான நாடுகளின் கூட்டமைப்பில், 1990இல் 12 நாடுகளில் இருந்தது, 2017இல் நான்கே மிச்சம். ஆனால் ஏன் என்று பார்க்க வேண்டும். ஜெர்மனியில் நிலம், வீடுகளைப் பழைய மதிப்பிலும் மற்ற சொத்துகளைச் சந்தை மதிப்பிலும் கணக்கிட்டார்கள். இது சமத்துவம் இல்லை என்று 1995இல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது, 1997 முதல் வசூல் நின்றது. இந்தியாவில் 1957இல் வந்த செல்வ வரியில் 1990களில் இருந்து பங்குகள் சேராது. நகை, கார், கூடுதல் வீடு, கையிருப்புப் பணம் போன்றவைதான் சேரும். பெரும் பணக்காரர் சொத்து பெரும்பாலும் எதில் இருக்கிறதோ அதை வெளியே விட்டுவிட்டு வலை போட்டால் என்ன சிக்கும்? 2013-14இல் நாடு முழுக்க வசூல் சுமார் 1,008 கோடி ரூபாய். 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள், அதற்குப் பதில் அதிக வருமானக்காரர்களுக்குக் கூடுதல் தீர்வை வந்தது.

விலக்குகள் அதிகம், வரம்பு குறைவு, மதிப்பீடு சண்டை. கடைசியில் நடுத்தரச் சொத்துக்காரர் மாட்டுவார், மேலே இருப்பவர் நழுவுவார். வைத்தால் மிக உயரத்தில், விலக்கே இல்லாமல் வைக்க வேண்டும். 2024இல் ஜி20 நாடுகளுக்காகப் பொருளாதார அறிஞர் கேப்ரியல் சூக்மன் கொடுத்த யோசனை அப்படிப்பட்டது: 100 கோடி டாலருக்கு மேல் வைத்திருக்கும் சுமார் 3,000 பேர் வருஷம் சொத்தில் குறைந்தது 2 சதவீதம் கட்ட வேண்டும். கிடைக்கக்கூடியது 20,000 முதல் 25,000 கோடி டாலர் என்பது அவர் மதிப்பீடு. அந்த வருஷம் ரியோ மாநாட்டு அறிக்கையில் பெரும் செல்வந்தர்களுக்கு உரிய வரி என்ற வாசகம் இடம்பெற்றது. விகிதம் எதுவும் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

ஒரு காலத்துல 90 சதவீதத்துக்கு மேலேயே வரி இருந்ததாமே?

இருந்தது. 1950களில் அமெரிக்காவில் உச்ச விகிதம் 91, 1970களின் தொடக்கத்தில் இந்தியாவில் 97.75. இரண்டிலும் அந்த உச்சத்தைக் கட்டியவர்கள் சொற்பம். அவ்வளவு உயர்ந்த விகிதம் பழையபடி வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இறந்தவர் சொத்துக்கு வரி போடறது ரெட்டை வரி இல்லையா?

சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்துக்கு ஆமாம், அதற்குத்தான் இந்த வரி உள்ள பல நாடுகளில் விலக்கு வரம்பு வைக்கிறார்கள். விற்காமலே வளர்ந்த பங்குக்கு ஒற்றை வரிகூடக் கட்டியிருக்க மாட்டார்கள் என்பதை மேலே மூன்றாவது பதிலில் பார்த்தோம். வாரிசு வரியைப் பலமாக ஆதரித்தவர்களில் கார்னகியும் ஒருவர், பலருக்கு இது தெரியாது.

ஆஸ்திரியா 2008இல் இந்த வரியைக் கைவிட்டது. பிஏஎஸ்எஃப் ரசாயன நிறுவனத்தை நிறுவியவரின் வழிவந்த மார்லீனே எங்கல்ஹார்ன் என்ற இளம்பெண்ணுக்குப் பாட்டி சொத்து வந்தபோது, ஒரு பைசா வரி இல்லை. அரசு கேட்கவில்லை என்றால் நானே செய்கிறேன் என்று 2024இல் 2.5 கோடி யூரோவை ஒதுக்கினார். ஆனால் எங்கே கொடுப்பது என்று அவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில் 10,000 பேருக்குக் கடிதம் போட்டு, அதில் இருந்து 50 பேரைத் தேர்ந்தெடுத்து அவர்களிடம் விட்டுவிட்டார். அவர்கள் பல வார இறுதிகள் உட்கார்ந்து பேசி 77 அமைப்புகளுக்குப் பிரித்தார்கள். தர்மத்தையும் வரி மாதிரியே செய்து காட்டியவர் என்று அவரைச் சொல்வேன்.

எனக்கு இன்னும் வரி போடுங்கன்னு கேக்கற பணக்காரர் தானாவே கட்ட வேண்டியதுதானே?

கட்டலாம். அரசின் கடனைக் குறைக்க என்று அமெரிக்கக் கஜானா நன்கொடைக் கணக்கே வைத்திருக்கிறது. கடனோடு ஒப்பிட்டால் அதில் சேருவது தூசு. ஒருவர் மட்டும் கட்டினால் எதுவும் மாறாது, போட்டியாளர் கட்டாமல் முந்திக்கொள்வார். எல்லோரும் கட்டினால் நானும் கட்டுகிறேன் என்பது போலித்தனம் இல்லை. வரி என்ற ஏற்பாடு இருப்பதே அந்தக் காரணத்துக்காகத்தான்.

எல்லாப் பணக்காரர் சொத்தையும் புடுங்கினாலும் அரசு கொஞ்ச நாள் ஓடுமா?

ரொம்ப நாள் ஓடாது. இந்தக் கேள்வி கேட்பவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். நல்ல பொதுச் சேவைக்குப் பேர்போன சுவீடன், டென்மார்க், நார்வே மூன்றிலும் பொருள் வாங்கும்போது கட்டும் மதிப்புக்கூட்டு வரி 25 சதவீதம், எல்லோரும் கட்டுகிறார்கள். பணக்காரரிடம் மட்டும் வாங்கி எல்லாருக்கும் எல்லாம் என்று சொல்லும் அரசியல்வாதியை நம்ப வேண்டாம். ஆனால் நடுத்தரக் குடும்பத்திடம் போய் இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்க, மேலே இருப்பவர் தன் பங்கைக் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கக் கூடாது என்றுகூடச் சொல்வேன்.

கம்பெனியையே நல்ல காரியத்துக்கு எழுதிக் கொடுத்துட்டா? அப்பவும் வரி கேப்பீங்களா?

2022இல் படகோனியா உடைக் கம்பெனியின் நிறுவனர் இவான் ஷுனார்ட் குடும்பம் சுமார் 300 கோடி டாலர் பெறுமான அந்த நிறுவனத்தையே கொடுத்துவிட்டது. பங்குகளில் 98 சதவீதம் சூழல் பாதுகாப்புக்காகப் பாடுபடும் ஓர் அமைப்புக்குப் போனது. அது அரசியல் வேலையும் செய்யக்கூடிய வகை அமைப்பு. அதற்கு நன்கொடை வரிக்கழிவு கிடையாது, குடும்பம் கோரவும் இல்லை. ஓட்டுரிமை உள்ள 2 சதவீதத்தைக் குடும்ப அறங்காவல் அமைப்புக்கு மாற்றியதற்குச் சுமார் 1.75 கோடி டாலர் வரியும் கட்டினார்கள். ஆனால் விற்றிருந்தால் வந்திருக்கும் பெரிய ஆதாய வரி வரவில்லை. பாராட்டு மழை பொழிந்தது.

அதே வருஷம் இன்னொரு செய்தியும் வெளிவந்தது. சிகாகோவைச் சேர்ந்த ஒரு மின்சாதனத் தொழிலதிபர் தன் கம்பெனிப் பங்குகளை ஒரு பழமைவாத அரசியல் அமைப்புக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் அதை விற்று 160 கோடி டாலர் எடுத்தார்கள். அதிலும் ஆதாய வரி இல்லை. ஒன்றுக்குக் கை தட்டியவர்களில் பலர் மற்றதைப் பார்த்துக் கொதித்தார்கள், அந்தப் பக்கத்துக்காரர்கள் அப்படியே தலைகீழாக. சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒரே வாசல். அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: ஆமாம், கேட்பேன். இரண்டு பேரிடமும் கேட்பேன். ஆதாயத்துக்கு உரிய வரியைக் கட்டிவிட்டு, மிச்சத்தை அவரவர் விருப்பப்படி மலைக்கோ கட்சிக்கோ கொடுத்துக்கொள்ளட்டும்.